கால் புதையும் மணலில் எது உதவும்?

பனி கொட்டும் நாடுகளில் ஒரு பழைய விவாதம் உண்டு. ஆழமான, பொலபொலவென்ற பனியில் போவதற்கு ஸ்கீ நல்லதா, பனிக்காலணி நல்லதா? ராமேஸ்வரத்தில் பனி ஏது என்று சிரிக்க வேண்டாம். தனுஷ்கோடி மணலில் இறங்கினால் இதே கேள்விதான் வரும்!

இரண்டுமே உடல் எடையை அகலமான பரப்பில் பரப்புகின்றன. ஸ்கீ வழுக்கும், பனிக்காலணி பற்றிக்கொள்ளும். காய்ந்த மணலில் உராய்வு அதிகம், சமதரையில் வழுக்கிப் போக முடியாது. ஆக, இங்கே ஸ்கீயின் தந்திரம் பலிக்காது. பனிக்காலணியின் தந்திரம் பலிக்கும். ஒட்டகத்தின் அகன்ற பாதமே அதற்குச் சாட்சி.

சின்னக் கணக்கு ஒன்று. 60 கிலோ ஆள் ஒற்றைக் காலை ஊன்றுகிறார், பாதம் சுமார் 200 சதுர செ.மீ. என்றால், ஒரு சதுர செ.மீ.க்கு 0.3 கிலோ அழுத்தம். 30 பிஎஸ்ஐ காற்றடைத்த கார் டயரோ ஏறக்குறைய 2 கிலோ அழுத்தும். கிட்டத்தட்ட ஏழு மடங்கு! அந்த நிலையில் ஆக்சிலேட்டரை மிதித்தால் சக்கரம் தன் குழியைத் தானே தோண்டிக்கொள்ளும். காற்றைப் பாதியாகக் குறைத்தால் டயர் பதியும் இடம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். (தார்ச்சாலைக்கு வந்ததும் மறுபடி காற்றடிக்க வேண்டும். இல்லாவிட்டால் டயர் சூடாகி வெடிக்கலாம்.) மணலில் பலத்தைவிடப் பரப்புதான் முக்கியம்.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியின் ரயில்பாதை அழிந்தது. அதன்பின் முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டினால் மணல்வழிதான், வேனில் போகலாம் அல்லது நடக்கலாம். 2017 ஜூலையில்தான் அரிச்சல்முனை வரை சுமார் 9.5 கிலோமீட்டர் சாலை திறக்கப்பட்டது. சுற்றுலா வருபவருக்குப் பிரச்சினை தீர்ந்தது. அங்கேயே வாழும் மீனவக் குடும்பங்களுக்கு?

மணலில் ஊற்றுத் தோண்டி எடுத்த தண்ணீரைக் குடத்தோடு சுமக்கும் பெண்ணுக்குக் கால் இன்னும் ஆழமாகப் புதையும். நோயாளியைத் தூக்கி வருபவர் இரண்டு பேர் எடையோடு நடக்கிறார். ஆளுக்கொரு பனிக்காலணி கொடுக்க முடியாது. பாதைக்கே அதை மாட்டிவிடலாமே! குடிசைகளிலிருந்து சாலை வரை தென்னைநார்ப் பாயோ பலகையோ விரித்தால் போதும். காற்று மணலால் மூடத்தான் செய்யும். அதற்காகத்தான் பாய், உதறி மறுபடி விரிக்கலாம்.

கடைசிச் சில நூறு அடிகள் சுற்றுலாப் பயணிக்கு விளையாட்டு. பிரசவ வலியோடு சாலைக்கு வருபவளுக்கு அது விளையாட்டல்ல.