வரம்பும் விளையாட்டும்

விளையாட்டென்பது மனம் போன போக்கில் நிகழ்வது. அதற்கு விதி எதற்கு என வினவுவார் எம்மனோருள் ஒரு சாரார். அவர் கூற்றுச் செவிக்கு இனியதே. ஆயினும் ஆராயாது அதனை ஏற்றல் தகாது. விதியை நீக்கியவிடத்து உரிமை எல்லார்க்கும் ஒப்பப் பெருகுமோ, சிலர்க்கே பெருகுமோ என்பதை நோக்கியன்றோ துணிதல் வேண்டும்? மாணவர் சிலர் இந்நாளில் விரும்பி ஆடும், வேடம் பூண்டு கதை நடத்தும் மேசை விளையாட்டைக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வாம்.

அவ்விளையாட்டை அறியார்க்கு அதன் இயல்பைச் சுருங்கக் கூறுதும். நால்வர் ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். அவருள் ஒருவர் கதை நடத்துநர். காடும் கோட்டையும் பகைவரும் அவர் சொல்லிற் பிறக்கும். ஏனையோர் வீரன், மந்திரவாதி, கள்வன் எனத் தமக்கென ஒவ்வொரு வேடம் பூணுவர். அவ்வேடத்தின் வலிமை, அறிவு, விரைவு முதலியவற்றை எண்களாற் குறித்த தாள் ஒன்று ஒவ்வொருவர் கையிலும் இருக்கும். ‘யான் இது செய்வேன்’ என்று ஒருவர் கூற, அது கைகூடுமோ என்பது ஐயமாயின், பகடை உருட்டி முடிவு காண்பர். பந்தயம் யாதும் இன்மையின் இது சூதன்று. அமெரிக்கராகிய கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் இயற்றி, 1974-ஆம் ஆண்டில் மூன்று சிறு நூல்களாய் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்பது இவ்வகை விளையாட்டுக்களுக்கு வழிகாட்டியாயிற்று.

சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் என அறிஞர் பலர் கருதும் மரக்காணத்தில், சென்ற கோடை விடுமுறையின் மாலைப்பொழுதுகளில் இளைஞர் அறுவர் இதனை ஆடக் கண்டோம். முதல் இரண்டு மாலையும் அவர்கள் விதிநூலை மூடி வைத்துவிட்டு, கற்பனை ஒன்றே போதும் என்று ஆடினர். விளைந்தது யாது? பேச்சுவன்மை மிக்க இருவர் கதை முழுவதையும் தம்பால் ஈர்த்துக்கொண்டனர். மதில் தாண்டியவரும் அவரே. அரசனொடு வாதிட்டு வென்றவரும் அவரே. உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகன், வேடம் பூண்டிருந்தும் வாய் திறந்திலன்.

மூன்றாம் மாலை அவர்கள் விதிநூலைத் திறந்தனர். பகடை காட்டும் வரிசைப்படி ஒவ்வொருவரும் தத்தம் முறையில் தம் செயலைக் கூறல் வேண்டும், பிறர் இடைபுகலாகாது. அவ்விளைஞன் முறை வந்தது. அவன் பூண்ட வேடத்திற்கு வலிமை குறைவு. எதிரே நிற்பதோ குதிரைப்படை. தாளைச் சற்றுநேரம் நோக்கியிருந்தவன், “கழுவெளிப் பக்கம் ஓடுவேன்; அங்கே காய்ந்த சேறு ஆளைத் தாங்கும், குதிரையைத் தாங்காது” என்றான். அறுவருள் வேறெவர்க்கும் தோன்றாத சூழ்ச்சி அது!

இதன்கண் விதி செய்த உதவி இரண்டு. முறை என்னும் விதி அவன் பேசுதற்கு இடம் தந்தது. குறைந்த வலிமை என்னும் எண் அவன் அறிவைத் தூண்டியது. வலிமை நிரம்பிய வேடமாயின் அவனும் வாளை வீசிப் போயிருப்பான்; தான் பிறந்த மண்ணின் இயல்பை நினைத்திரான்.

தமிழ் பயில்வார்க்கு இது புதுமையன்று. வெண்பாவிற்கு அடிக்கு நாற்சீர் என்றும், ஈற்றடிக்கு முச்சீர் என்றும், வெண்டளையன்றிப் பிற தளை விரவலாகாது என்றும் வரம்பு வகுத்தனர். எச்சொல்லை அமைப்பது என்பதைப் புலவன்பால் விடுத்தனர். அவ்வரம்பினுள் நின்றன்றோ காளமேகம் இருபொருள்படப் பாடிச் சிலேடையில் விளையாடினார்? விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கங்களில் இரவெல்லாம் நிகழும் தெருக்கூத்தும் இத்தகையதே. கதையும் பாட்டும் முன்னரே வரையறுக்கப்பட்டவை. பாட்டிற்கு இடையே கட்டியக்காரன் வினவுதலும் வேடக்காரன் விடை பகர்தலும் அவ்விரவில் அவ்வூரில் பிறப்பன. பாட்டு நிலைத்து நிற்பதனாலேயே பேச்சுத் துணிந்து உலாவுகின்றது.

இனி, மறுப்பாரையும் கேட்போம். பிரஷ்ய நாட்டில் 1824-ஆம் ஆண்டில் ரைஸ்விட்ஸ் என்னும் படை அலுவலர் போர்ப் பயிற்சிக்கென வரைபடமும் பகடையும் கொண்ட விளையாட்டொன்றை வெளியிட்டார். அதன் விதிகள் ஆட்டத்தைத் தளரச் செய்கின்றன என்று கண்ட வெர்டி து வெர்னுவா என்பார், 1876-இல், விதிகளைக் களைந்து நடுவரின் பட்டறிவுக்கே முடிவை விடுக என்றார். அவர் கூற்றில் உண்மை உண்டு. ஆனால் அங்கு நடுவராய் அமர்ந்தவர் போர்த்தொழிலில் முதிர்ந்தவர். அவர் சொல்லை ஏனையோர் ஏற்பர். ஒத்த வயதினராகிய எம்மிடை அத்தகு நடுவர் யாவர்? குரல் உரத்தவரே நடுவராய்விடுவர்.

வேறொரு குறையும் கூறுப. தாளில் எழுதிய திறங்களையே பார்த்து, ‘இதில் இல்லாதது இயலாது’ என்று ஆடுவோர் சுருங்கிவிடுவர் என்பது அது. இது மெய்யே, அஃது ஆகாத விதியின் குற்றம். செய்யத்தக்கவற்றைப் பட்டியலிட்டு நிற்கும் விதி மனத்தை மூடும். எதைச் செய்யத் துணியினும் அதனை அளக்க ஒரு கோல் தரும் விதி மனத்தைத் திறக்கும். மேற்கூறிய விளையாட்டின் மூன்றாம் பதிப்பு 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தபோது, செயலின் அருமைக்கேற்ப ஓர் எண்ணை நடத்துநர் குறிக்க, இருபது முகமுடைய பகடையை உருட்டித் தம் திறனைக் கூட்டி அதனை எட்டுக என்னும் ஒரே முறையைப் பலவகைச் செயல்கட்கும் பொதுவாக்கிற்று. சேற்றில் குதிரையை வீழ்த்துதல் எந்நூலில் எழுதியிருக்கும்? எழுதாத அதனையும் அளக்க அம்முறை இடம் தந்தது.

மரக்காணத்து உப்பளங்களைக் கண்டோர் இவ்வுண்மையை எளிதில் உணர்வர். வரப்பிட்ட பாத்தியில் தேங்கிய உவர்நீரே வெயிலிற் காய்ந்து உப்பாய் விளைகின்றது. வடகிழக்குப் பருவமழையில் வரப்பெல்லாம் மூழ்கி ஒரே வெள்ளமாய்ப் பரந்த காலத்து, நீர் மிகுதி, உப்பு இல்லை. ஆயின் வரப்பை மட்டும் உயர்த்தி மடையை அடைத்துவிட்ட பாத்தியிலும் விளைவு யாதும் இல்லை. வரப்பும் வேண்டும், மடையும் வேண்டும்.

ஆதலின், விதி வேண்டுமா வேண்டாவா என்று வழக்கிடுதல் வீண். ஒவ்வொரு விதியையும் எடுத்து, ‘இஃது எவர் வாயைத் திறக்கின்றது? எவர் வாயை அடைக்கின்றது?’ என வினவுக. நாணமுடையான் ஒருவன் பேசுதற்கு இடம் தரும் விதியை எத்துணை இடர்ப்படினும் காக்க. அறிந்தவர்க்கே பயன்படும் விதியைத் தயங்காது களைக. மேசை விளையாட்டிற்கு மட்டுமன்று, எம் மாணவர் மன்றங்கட்கும் சொற்போர்க் கூட்டங்கட்கும் இதுவே ஏற்ற அளவுகோலாகும் என்பது எம் துணிபு.