கோடை விடுமுறையும் தோட்டமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெயிலுக்கு அஞ்சிக் குழந்தைகளைக் கோடை விடுமுறை முழுவதும் அறைக்குள் அடைத்து வைப்பது எனக்கு மிகுந்த விசனத்தைத் தருகிறது. உச்சிவேளை நீங்கலாகக் காலையிலும் அந்தியிலும் அவர்கள் தோட்டத்தில் இருக்கலாகாதா? கறிவேப்பிலைச் செடியில் பறவையின் எச்சம்போல் ஒட்டிக்கிடக்கும் புழு, சில தினங்களில் பச்சை நிறம் பூண்டு, பின் கூட்டுப்புழுவாகி, கறுப்பில் இளமஞ்சள் புள்ளிகள் கொண்ட வண்ணத்துப்பூச்சியாய்ச் சிறகு விரிக்கும் அதிசயத்தைக் கண்ணாரக் காணும் குழந்தைக்கு, பாடப்புத்தகம் பின்னர் சொல்லப்போகும் உருமாற்றம் பிரத்தியட்ச அனுபவமாகிவிடும். (அப்புழுவை மருந்து தெளித்துக் கொல்லாதிருக்கப் பெரியவர்கள் மனம் வைக்கவேண்டும், சில இலைகள் போவதால் பெரிய நஷ்டமில்லை.) விடுமுறையின் ஆரம்பத்தில் விதைத்த தண்டுக்கீரை, பள்ளி திறக்குமுன் சமையலுக்கு வந்துவிடும். தோட்டமில்லாதவர்களுக்கு மாடியில் இரண்டு தொட்டிகள் போதும். பெற்றோர்கள் இவ்வாண்டே ஒரு பிடி விதையைக் குழந்தைகள் கையில் கொடுக்கவேண்டுமென்று பிரார்த்திக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்