நோயுற்ற பன்றியை மறைத்து விற்கலாகாது

விவசாயத்தோடு பன்றி வளர்ப்பையும் துணைத் தொழிலாகக் கொண்ட அங்கத்தினர்கள் நம்மிடையே உள்ளனர். பன்றி தீனி தின்ன மறுத்தால், அது சாவதற்குள் வந்த விலைக்குத் தள்ளிவிடுவது சிலரது வழக்கம். இவ்வழக்கம் அடியோடு ஒழிய வேண்டும் என்பது நமது உறுதியான அபிப்பிராயம்.

தீனியைக் கண்டதும் ஓடிவரும் பன்றி மூலையில் ஒடுங்கிக் கிடக்குமாயின் அன்றே ஐயுற வேண்டும். அதன் இயல்பான உடற்சூடு ஏறத்தாழ 102 டிகிரி ஃபாரன்ஹீட். 104-க்கு மேற்படின் காய்ச்சல் எனக் கொள்க. காதும் அடிவயிறும் சிவத்தல் அல்லது கருநீலம் பாரித்தல், பின்னங்கால் தள்ளாடுதல், சினை கலைதல், ஒன்றன்பின் ஒன்றாகச் சாதல் ஆகியவை கொடிய பன்றிக் காய்ச்சலின் குறிகள்.

இக்காய்ச்சல் இருவகை. நெடுங்காலமாக நாம் அறிந்த பன்றிக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி உண்டு. மற்றொன்று, 2020-இல் அஸ்ஸாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் முதன்முதலாக நம் நாட்டில் காணப்பட்டு, 2023-இல் முதுமலைக் காட்டுப்பன்றிகளையும் பலிகொண்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். இதற்கு மருந்தில்லை, தடுப்பூசியும் நம் நாட்டில் வழக்கில் இல்லை. எது வந்துள்ளது என்பதை ஆய்வுக்கூடப் பரிசோதனையே உறுதி செய்யும். இவை மனிதரைத் தொற்றுவதில்லை. ஆயினும் நோயுற்ற பன்றியின் இறைச்சியில் கிருமி நெடுநாள் அழியாதிருக்கும். அவசரமாக விற்ற ஒரு பன்றி சந்தை வழியே பல கொட்டில்களைக் காலி செய்துவிடக்கூடும்.

"சொன்னால் எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள்" என்ற அச்சத்தில் நியாயம் உண்டு. ஆப்பிரிக்கக் காய்ச்சல் உறுதிப்பட்டால் 1 கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள பன்றிகள் அழிக்கப்படும். ஆயின் அவ்வாறு அழிக்கப்படுபவற்றுக்கு இழப்பீடு வழங்க அரசாங்கத் திட்டம் உள்ளது. தொற்றுநோய் ஐயத்தைக் கிராம அதிகாரிக்கோ பஞ்சாயத்துக்கோ தெரிவிப்பது 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி உடையவரின் கடமையுமாகும்.

ஆகவே, புதிதாக வாங்கிய பன்றியை 30 நாட்களேனும் தனியே கட்டி வைக்க வேண்டும். ஓட்டல் எச்சிலை அரைமணி நேரமாவது கொதிக்க வைத்து, ஆறிய பின்னரே இடவேண்டும். பிறர் கொட்டிலுக்குச் சென்ற செருப்போடு நம் கொட்டிலில் நுழையலாகாது. ஐயம் தோன்றிய அன்றே விற்பனையை நிறுத்திக் கால்நடை மருத்துவரை அழைத்தல் வேண்டும்.

சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு சொல். பன்றி வாங்கக் கடன்பெற்றவர், தவணைக்கு அஞ்சியே பெரும்பாலும் நோயை மறைக்கிறார். உண்மையைச் சொல்ல முன்வருபவருக்குத் தவணையை நீட்டித்துக் கொடுக்க நிர்வாகக் குழு தீர்மானம் செய்யுமானால், அதுவே ஊரின் மற்றக் கொட்டில்களுக்குப் பெருங்காவலாகும்.