தவறான விடையைத் துடைக்காதீர்!

"இந்தப் பிள்ளைக்குக் கணக்கு வராது." நம் இல்லங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் இத்தீர்ப்பு எவ்வளவு எளிதாக வழங்கப்பட்டுவிடுகின்றது! நோயாளியைப் பார்த்துவிட்டு, "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சீட்டு எழுதிக் கொடுக்கும் மருத்துவரை நாம் ஏற்போமா? எந்தக் கணக்கு வரவில்லை, எந்த இடத்தில் வரவில்லை, பிள்ளை எப்படி எண்ணியதால் வரவில்லை என்று கேட்டுப் பாருங்கள். பெற்றோர் சொல்ல இயலார். ஆசிரியரும் பெரும்பாலும் சொல்ல இயலார். சிவப்பு மையால் ஒரு பெருக்கற்குறி இட்டதோடு அவர் பணி முடிந்தது. பிள்ளையும் ரப்பரால் துடைத்துவிட்டுக் கரும்பலகையில் இருந்ததை எழுதிக்கொண்டது. சான்று அழிந்தது; தீர்ப்பு மட்டும் நின்றது.

மானகிரியில் நம்மிடம் மாலையில் ஓத வரும் பிள்ளைகள் பள்ளிக்கூட நோட்டுகளையும் உடன் கொண்டுவருவதுண்டு. ஒரு சிறுமி, 52-இலிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதியிருந்தாள். "எப்படிம்மா இது வந்தது?" என்றோம். "பெரியதிலிருந்துதான் சின்னதைக் கழிக்கணும்னு டீச்சர் சொன்னாங்க, ஹஜரத். ஏழில் ரெண்டு போனா அஞ்சு. அஞ்சில் ரெண்டு போனா மூணு." அவள் கவனக்குறைவால் தவறவில்லை. கற்பித்ததைக் கற்பித்தபடியே கடைப்பிடித்ததால் தவறினாள்! அவளிடமே, "கையில் 52 ரூபாய் இருக்கிறது, 27 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி எவ்வளவு?" என்று வாய்க்கணக்காகக் கேட்டோம். இமைப்பொழுதில் "இருபத்தஞ்சு" என்றாள். இரண்டு விடைகளையும் அருகருகே எழுதிக் காட்டியபோது அவள் முகத்தில் எழுந்த வியப்பு இருக்கிறதே, அதுவன்றோ கல்வியின் தொடக்கம்! பின்னர் மற்ற நோட்டுகளைப் புரட்டினால், அதே வழியில் சென்று அதே போல் தவறிய பிள்ளைகள் வேறு சிலரும் அகப்பட்டனர். ஒவ்வொருவருக்கும் "கவனம் தேவை" என்ற ஒரே மருந்துதான் எழுதப்பட்டிருந்தது.

தவறிய பிள்ளைக்கே இந்நிலை என்றால், மதிப்பெண் வாங்கும் பிள்ளையின் நிலை என்ன? 1973-இல் அமெரிக்காவில் ஸ்டான்லி எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர், பென்னி என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவனோடு அமர்ந்து பேசி, அவன் கணக்குச் செய்யும் விதத்தை எழுதி வெளியிட்டார். பிள்ளைகள் தாமே பயிற்சித் தாள்களைச் செய்து, விடைத்தாளோடு ஒப்பிட்டுத் திருத்தி, நூற்றுக்கு 80 வந்தால் அடுத்த பாடத்துக்குச் செல்லும் ஏற்பாடு அவ்வகுப்பில் இருந்தது. அவ்வேற்பாட்டில் பென்னி நன்றாகக் கற்கும் மாணவருள் ஒருவன் என்றே ஆசிரியர் கருதியிருந்தார். ஆனால் அவனோ, பத்தில் இரண்டு என்ற பின்னத்தைத் தசமமாக எழுதச் சொன்னால், இரண்டையும் பத்தையும் கூட்டிப் பன்னிரண்டாக்கி, இடையில் புள்ளி வைத்து 1.2 என்பான்! 0.3-உடன் 0.4-ஐக் கூட்டினால் 0.07 என்பான். இரு எண்களிலும் புள்ளிக்குப் பின் ஓரிலக்கம் இருப்பதால், விடையில் ஈரிலக்கம் இருக்க வேண்டும் என்பது அவன் தானே வகுத்துக்கொண்ட விதி. கணிதம் என்பதே யாரோ விதித்த விதிகளின் குவியல், விடைத்தாளில் உள்ளதை ஊகித்துப் பிடிப்பதே அதிலுள்ள திறமை என்று அவன் நம்பியிருந்தான். ஒருவரும் அவனை "எப்படி?" என்று கேட்கவில்லை; மதிப்பெண் வந்துகொண்டிருந்ததால் கேட்கத் தோன்றவும் இல்லை.

கைடு புத்தகத்தை உருப்போட்டு மதிப்பெண் வாங்கிவரும் நம் வீட்டுப் பிள்ளைகளுள் எத்தனை பென்னிகள் இருக்கின்றனரோ! வளைகுடாவில் வெயிலில் நின்று ஈட்டி அனுப்பும் அத்தாமார்கள், டியூஷன் கட்டணம் எவ்வளவு என்று கேட்கின்றனர். பிள்ளை எவ்வாறு எண்ணுகின்றது என்று கேட்பதில்லை.

ஒரு வகுப்பில் நிகழ்ந்த ஒரே நிகழ்வை எடுத்துக்கொண்டு, பிள்ளை என்ன எழுதியது, என்ன சொன்னது, ஆசிரியர் என்ன செய்தார், வேறென்ன செய்திருக்கலாம் என்று ஆசிரியர்கள் கூடி ஆராய்வதே நாம் வேண்டும் முறை. இதை மேனாட்டுப் புதுமை என்று ஒதுக்குவோர் நம் மதரஸாக்களுக்குள் சற்று எட்டிப்பார்க்கட்டும். பாகப்பிரிவினைக் கணக்காகிய ஃபராயிளை நம் உஸ்தாதுமார் எவ்வாறு கற்பித்தனர்? சூத்திரத்தை மட்டுமா சொன்னார்கள்? பெயர் பெற்ற மஸ்அலாக்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தல்லவா கற்பித்தனர்! 'சிராஜிய்யா' ஓதியவர்கள் 'மிம்பரிய்யா'வை மறந்திருக்க மாட்டார்கள். ஒருவர் மனைவியையும், இரு பெண்மக்களையும், தாய் தந்தையரையும் விட்டு இறந்தார். மனைவிக்கு எட்டில் ஒன்று, பெண்மக்களுக்கு மூன்றில் இரண்டு, தாய்க்கும் தந்தைக்கும் தனித்தனியே ஆறில் ஒன்று. சொத்தை 24 பங்காக்கினால் முறையே 3, 16, 4, 4, கூட்டினால் 27! இருப்பதோ 24. ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களிடம் மிம்பரில் நின்ற வேளையிலேயே இவ்வினா தொடுக்கப்பட்டதென்றும், மனைவியின் எட்டிலொரு பங்கு ஒன்பதிலொன்றாகிவிட்டது என அவர்கள் அக்கணமே விடை பகர்ந்தார்கள் என்றும் வழங்குவதால் இப்பெயர் வந்தது. சொத்தை 27 பங்காக்கி, அவரவர் பங்கு எண்ணிக்கையை அவ்வாறே வைத்துக்கொண்டால், 27-இல் 3 என்பது ஒன்பதில் ஒன்றுதானே! 'அவ்ல்' என்னும் விதியை இலக்கணமாக ஒப்பித்தவன் மறந்துவிடுவான். கணக்கு முட்டிக்கொண்டு நின்ற அவ்விடத்தைக் கண்டவன் மறக்கமாட்டான். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் அல்ஜிப்ரா நூலை யாத்த அல்குவாரிஸ்மி, அந்நூலின் பெரும்பகுதியை மரணசாசன, வாரிசுரிமைக் கணக்குகளுக்கே ஒதுக்கியதும் இங்கே நினைக்கத்தக்கது. அத்தகைய மரபில் வந்த மதரஸாக்கள் சிலவற்றில் இன்று பங்கு அட்டவணையை மனனம் செய்வித்து அனுப்பிவிடுகின்றனர் என்பதையும் நாம் மறைப்பதற்கில்லை.

ஜப்பானிய ஆசிரியர்கள் இதனை ஓர் ஒழுங்காகவே ஆக்கிக்கொண்டுள்ளனர். சிலர் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவர், ஒருவர் நடத்துவார், மற்றையோர் வகுப்பிலேயே நின்று பிள்ளைகளின் நோட்டுகளை நோக்குவர், பின்பு கூடியிருந்து விவாதிப்பர். 1999-இல் ஸ்டிக்லர், ஹீபர்ட் என்னும் இருவர் எழுதிய நூலால் இம்முறை உலகறியப் பரவிற்று. நம் நாட்டிலும் 2005-ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பின் பொருட்டு, சென்னைக் கணித அறிவியல் நிறுவனப் பேராசிரியர் ஆர். ராமானுஜம் தலைமையில் அமைந்த குழு, கணக்கின் மேலுள்ள அச்சத்தையும் ஆசிரியர் ஆயத்தத்தின் குறையையும் வெளிப்படையாகவே சுட்டியது. சுட்டியதோடு நின்றதா, வகுப்பறைக்குள் வந்ததா என்பதை ஆசிரியர்களே சொல்லட்டும்.

இங்கே குறுவள மையக் கூட்டங்கள் நடைபெறுகின்றன. ஆசிரியர்கள் வருகின்றனர், திரையில் படம் ஓடுகின்றது, படிவம் நிரப்பப்படுகின்றது, தேநீர் அருந்திக் கலைகின்றனர். அக்கூட்டத்தில் ஒரேயொரு மணி நேரத்தை, ஒரேயொரு பிள்ளையின் ஒரேயொரு தவறான விடைக்கு ஒதுக்கினால் வானம் இடிந்து விழுமா? அழகப்பச் செட்டியார் 1950-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி கண்ட காரைக்குடி நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றது. அங்கே பயிலும் இளைஞர்கள் பாடத்திட்டக் குறிப்பேட்டை வண்ணத்தாளால் அலங்கரிக்கும் நேரத்தில், சுற்றுவட்டப் பள்ளிகளின் நோட்டுகளிலிருந்து பத்துத் தவறுகளை விளக்கத்தோடு தொகுத்தால், அது அவர்கள் ஆயுள் முழுதும் பயன் தரும் ஏடாகும்.

"பாடப்பகுதியை முடிக்க வேண்டாமா? நாற்பது பிள்ளைகளை ஒவ்வொருவராக எங்ஙனம் கேட்பது? பதிவேடும் இணையப் பதிவும் யார் செய்வது?" என்பர். பதிவேட்டுச் சுமை உண்மை. அதைக் குறைக்க வேண்டியது அரசின் கடமை. அதில் ஆசிரியர் பக்கமே நாம் நிற்கின்றோம். ஆனால் நாற்பது பிள்ளைகள் நாற்பது வகையாகத் தவறுவதில்லை. 35 என்று எழுதியவர்கள் எல்லாரும் பெரும்பாலும் ஒரே வழியில்தான் சென்றிருப்பர். ஒருவரைக் கேட்டால் பலருக்கும் மருந்து கிடைக்கும். பாடப்பகுதியை முடித்தல் என்பதோ, ஆசிரியர் முடித்தலா, பிள்ளை முடித்தலா?

வாதம் போதும், ஒரு நிகழ்வையே முன்வைக்கின்றோம். மானகிரிச் சிறுவன் ஒருவன் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதினான். தவறு என்றதற்கு அவன் இசையவில்லை. "இந்தத் தட்டில் ரெண்டு பரோட்டா, அதில் ஒண்ணு எனக்கு. அந்தத் தட்டில் மூணு பரோட்டா, அதிலும் ஒண்ணு எனக்கு. மொத்தம் அஞ்சில் ரெண்டு எனக்கு வந்துச்சா இல்லையா, ஹஜரத்?" என்றான். எண்ணிப் பார்த்தால் அவனுக்கு ஐந்தில் இரண்டு வந்தது மெய்தான். ஆனால் அரையோடு இன்னும் ஏதோ கூட்டியும், வந்த விடை அரையினும் குறைவாக நிற்கின்றதே! அவன் கூட்டியது எதை, நாம் கூட்டச் சொன்னது எதை? சிவப்பு மையைத் தொடாமல் அவனிடம் முதலில் எதைக் கேட்பீர்கள்? கணக்கு கற்பிக்கும் அன்பர்கள் எழுதுக. பதில்களை வைத்துக்கொண்டு அவனோடு மீண்டும் அமர்வோம்.