அச்சிறுபாக்கத்து அச்சும் புதுமனைத் தளமும்

சென்னையிலிருந்து திண்டிவனம் செல்லும் நெடுஞ்சாலையில், மதுராந்தகத்தைக் கடந்ததும் வருவது அச்சரப்பாக்கம். திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற ஆட்சீசுவரர் எழுந்தருளியுள்ள தலம். திரிபுரம் எரிக்கப் புறப்பட்டபோது விநாயகரை வழிபட மறந்தமையால் சிவபெருமானின் தேரச்சு இங்கே முறிந்தது. அவரை வணங்கிய பின்னரே தேர் நகர்ந்தது என்பது தலவரலாறு. அச்சு இற்ற இடமே அச்சிறுபாக்கம். அதுவே இன்று அச்சரப்பாக்கம்.

முதலில் செய்ய வேண்டியதை விடுத்து விரைந்தால் தெய்வத்தேரும் நின்றுவிடும். புதுமனை கட்டுவோர்க்கு இதனினும் நல்ல பாடம் வேறில்லை.

நம் குடும்பங்களில் கிருகப்பிரவேச நாளைக் குறிப்பவர்கள் பெரியோர்களாகிய நாமே. ஆடி பிறக்குமுன், மார்கழி பிறக்குமுன் பால் காய்ச்சிவிட வேண்டும் என்கிறோம். அந்த அவசரம் மேஸ்திரியின் தலையில் இறங்குகிறது. முட்டுகள் உரிய நாளுக்கு முன்பே பிரிக்கப்படுகின்றன.

விரதத்திற்கு நாள் கணக்கு இருப்பதுபோல் கான்கிரீட்டிற்கும் உண்டு. இந்தியத் தரநிலைப்படி, 4.5 மீட்டர், அதாவது சுமார் 15 அடி வரை நீளும் தளத்திற்கு 7 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 14 நாளும் முட்டு நிற்க வேண்டும். 6 மீட்டர் வரையுள்ள உத்திரத்திற்கு 14 நாள். அதனினும் நீண்டால் 21 நாள். இவை சாதாரண சிமென்டுக்குரிய குறைந்த அளவுகள். சாம்பல் கலந்த சிமென்டானால் இன்னும் கூடுதல் நாள் வேண்டும். பொறியாளரைக் கேட்டே பிரிக்கச் சொல்லுங்கள். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குவதும், தூண்களில் ஈரச்சாக்கு சுற்றுவதும் குறைந்தது 7 நாள். சாம்பல் கலந்த சிமென்டுக்கு 10 நாள். வெயில் காலத்தில் முறையே 10, 14 நாள்கள். கான்கிரீட்டின் வலிமையைச் சோதித்தறிவதோ 28ஆம் நாளில்தான்.

அவசரம் உயிரையே கொள்ளும் இடம் ஒன்றுண்டு: தரைக்கடியில் கட்டும் நீர்த்தொட்டி. பல நாள் மூடிக்கிடந்த புதுத் தொட்டிக்குள் ஈரப்பலகைகள் மக்கி, உயிர்க்காற்றை உறிஞ்சிவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது; நாற்றமும் இராது. சென்டரிங் பலகையைப் பிரிக்க இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்கப்போனவரும் உடன் மடிந்த துயரங்கள் நம் நாட்டில் மீண்டும் மீண்டும் நிகழ்கின்றன.

ஆகவே தொட்டிக்கு இரண்டு திறப்புகள் வையுங்கள். முன்னதாகவே இரண்டையும் திறந்து, காற்றூதும் கருவியால் புதுக்காற்றை நெடுநேரம் செலுத்தச் செய்யுங்கள். ஒருவரையும் தனியே இறக்காதீர்கள். இறங்குபவர் இடுப்பில் கயிறும், அதன் மறுமுனையைப் பிடித்தபடி மேலே ஆட்களும் இருக்கட்டும். எவரேனும் மயங்கினால் பின்னால் குதிக்காமல், கயிற்றால் மேலே இழுத்து, 101, 108 எண்களை உடனே அழையுங்கள். திறந்த தொட்டியின் வாயை நொடியும் காவலின்றி விடாதீர்கள்; பேரக்குழந்தைகள் ஓடியாடும் இடம் அது.

ஆகையால் அன்பர்களே, முதலில் பொறியாளரிடம் வேலை முடியும் நாளைக் கேளுங்கள். அதன் பிறகு சோதிடரிடம் முகூர்த்தம் கேளுங்கள். இம்மாதம் தப்பினால் மற்றொரு நன்னாள் வரும். போன உயிர் வாராது. கட்டிய கைகள் நலமாக வீடு திரும்பிய மனையிலேயே திருமகள் மகிழ்ந்து தங்குவாள்.