நள்ளிரவுச் சாப்பாட்டுக் கடையும் நம் பெருமூச்சும்

காலை நடைக்கு எங்களோடு வரும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், நெட்ஃபிளிக்ஸில் ஒரு ஜப்பானியத் தொடரைப் பார்த்துவிட்டு வாட்ஸ்அப் குழுவில் மூன்று நிமிடக் குரல் பதிவு போட்டிருந்தார். யாரோ அபே என்பவர் (பெயரே யாரோதான்) 2006-இல் வரையத் தொடங்கிய 'ஷின்யா ஷொகுடோ' என்ற சித்திரக்கதைதான் அந்தத் தொடருக்கு மூலம். நள்ளிரவுச் சாப்பாட்டுக் கடை என்று பொருள். டோக்கியோவின் ஷின்ஜுகுவில் ஒரு சந்துக்குள் ராத்திரி 12 மணிக்குத் திறந்து காலை 7 மணிக்கு மூடுகிற சின்னக் கடை. கையில் சாமான் இருந்தால், கேட்டதைச் செய்து கொடுப்பார் கடைக்காரர்.

தலைமையாசிரியரின் தீர்ப்பு இது: "பாத்தீரா வே, பொண்டாட்டி பிள்ளையோட உக்காந்து சாப்பிட வேண்டிய நேரத்துல கடையில உக்காந்திருக்கான். குடும்பம் ஒடஞ்ச ஊருக்குத்தான் இப்படிக் கடை வேணும்."

பத்துப் பேர் கைகூப்பி ஆமோதித்திருந்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் என்றால் நானும் கைகூப்பியிருப்பேன். இப்போது முடியாது. காரணத்தைச் சொல்கிறேன்.

போன அக்டோபரில் டோக்கியோவில் நிஷிகசாயில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் பகுதி அது. மருமகள் பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்திருந்ததால், அவனுக்குத் துணையாகப் போனேன். துணை என்ன துணை! அவன் வேலை முடிந்து ரயிலை விட்டு இறங்கவே பதினொன்றாகிவிடும். ஒருநாள் தூக்கம் வராமல் நானே ஸ்டேஷனுக்கு நடந்தேன். "அப்பா, இனிமே போய் என்னத்த சமைக்க? வாங்க" என்று ஒரு சந்துக்குள் கூட்டிப்போனான்.

வாசலில் ஒரு சிவப்பு விளக்கு, தொங்கும் துணித் திரை. உள்ளே நீளமாக ஒரு மேடை, எட்டே எட்டு நாற்காலி. மேடைக்கு அந்தப் பக்கம் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. பெரிய கிண்ணங்களில் அன்றைக்குச் செய்ததை மேடைமேல் வரிசையாக வைத்திருந்தார்: இறைச்சியோடு வேகவைத்த உருளைக்கிழங்கு, கடற்பாசியும் கேரட்டும் சேர்த்து ஒரு பொரியல், தவிட்டில் ஊறப்போட்ட வெள்ளரிக்காய். அந்தத் தவிட்டைத் தினமும் கையை விட்டுக் கிளற வேண்டுமாம், இல்லாவிட்டால் கெட்டுவிடுமாம். நம் வீட்டு ஊறுகாய் ஜாடியாவது நாலு நாள் சும்மா இருக்கும்.

சூப்பை வாயில் வைத்ததும் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் தூத்துக்குடி மாசி வாசனை! மகன் விளக்கினான். சூரை மீனை அவித்து, புகை போட்டு, கட்டைபோலக் காயவைத்து, சீவி எடுத்து அதில்தான் சாறு இறக்குகிறார்கள். அவர்கள் கட்சுவோபுஷி என்கிறார்கள். நம் மாசிக்கு நெருங்கிய சொந்தம். உப்புத் தடவிச் சுட்ட அயிலை மாதிரி ஒரு மீன், சோறு, சூப் என்று இரண்டு பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டு 2,600 யென். டிப்ஸ் வைக்கும் பழக்கம் அங்கே கிடையாது. வைத்தால் பின்னாலேயே ஓடிவந்து கொடுத்துவிடுவார்கள் என்றான்.

பிறகு வாரத்தில் மூன்று நாள் போனோம். டாக்ஸி ஓட்டுநர் ஒருவர், இரவு வேலைக்குப் போகும் ஒரு நர்ஸ், மனைவியை இழந்த ஒரு பெரியவர் எல்லாம் வழக்கமாக வருகிறவர்கள். அந்த அம்மாவை 'ஒகாசான்' என்றுதான் கூப்பிட்டார்கள். அம்மா என்று அர்த்தம். அந்தப் பெரியவர் இரண்டு நாள் வராதபோது, டாக்ஸிக்காரரிடம் போகிற வழியில் எட்டிப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். காய்ச்சலில் கிடந்திருக்கிறார் மனிதர். மறுநாள் தூக்குப்பாத்திரத்தில் கஞ்சி போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனால் கடை பூட்டியிருந்தது. "ஞாயித்துக்கிழமை அவங்களுக்கு லீவுப்பா" என்றான் மகன். அந்த 'லீவு' என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது.

முப்பத்தோரு வருடம் ஷிஃப்ட் வேலை பார்த்தவன் நான். ராத்திரி பத்தரைக்கு வீடு வருவேன். சோறு சூடாக இருக்கும். ரசம் இருக்கும், அப்பளம் அப்போது பொரியும். அதைத்தான் வீட்டுச் சாப்பாடு என்று ஊரெல்லாம் பெருமை பேசினேன். நான் கை கழுவிவிட்டு ரேடியோ பக்கம் போன பிறகு, மிச்சமிருந்ததை வழித்துப் போட்டு, அடுப்படியில் தரையில் உட்கார்ந்து அவள் சாப்பிடுவாள், தனியாக. சேர்ந்து சாப்பிட்ட குடும்பம் என்று நாம் சொல்கிறோமே, அதில் அவள் இல்லை. அவளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. அவள் போய் ஐந்து வருடமாகிறது. இதை அவளிடம் சொல்ல இப்போது வழியில்லை.

ஜப்பானில் தனி ஆட்கள் பெருகிவிட்டார்கள் என்பது உண்மைதான். 2020 கணக்கெடுப்பின்படி அங்கே நூற்றுக்கு 38 வீடுகளில் ஒரே ஆள்தான். அதற்குக் காரணம் இந்தக் கடைகளா? மழை பெய்கிறது என்பதற்காகக் குடைமேல் கோபப்படலாமா? கொடுக்கும் காசுக்குக் கணக்கு, சமைத்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடும் மேடை, வாரம் ஒருநாள் லீவு. வீட்டு வேலைக்கு நாம் தராத மூன்றையும் அந்தச் சந்துக் கடை தருகிறது.

எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. எழுபது தாண்டியவர் ராத்திரி ஒரு மணி வரை நிற்கிறார். அவருக்குப் பிறகு கடையை நடத்த ஆள் இல்லை. மகள் வேறு வேலைக்குப் போய்விட்டாளாம். "பாரம்பரியம் அழிகிறதே" என்று இதற்கும் ஒரு பெருமூச்சு விடுவார்கள். அந்தப் பெண் ஏன் நிற்க வேண்டும்? நின்றால் அவள் விருப்பம், அவ்வளவுதான்.

தலைமையாசிரியர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். இன்று ராத்திரி உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்று பாரும். பார்த்துவிட்டு அடுத்த குரல் பதிவைப் போடும்.