மில்லுக்குக் கரண்ட் இழுக்க யாரைக் கூப்பிடுவது?

இடம்பெயர்ந்து திரும்பிய எமது குடும்பங்களில் பல, தோட்டத்தையும் வயலையும் மட்டும் நம்பியிராமல் மிளகாய், மா அரைக்கும் மில், நெல் குத்தும் மெசின் என்று சிறு தொழில்களைத் தொடங்கியுள்ளன. நல்ல முயற்சி. ஆனால் மோட்டர் வாங்க நாலு கடை ஏறி விலை கேட்கும் நாம், அதற்கு வயரிங் செய்பவரை மட்டும் ஒழுங்கையால் போகும்போது மறித்துக் கூப்பிடுகிறோம். "எங்கட பெடியன்தானே, குறைச்சுச் செய்வான்" என்பதே பெரும்பாலும் நாம் பார்க்கும் ஒரே தகுதி.

இதற்கு ஒரு காரணம் உண்டு. 1990 இல் வடக்கின் பெரும்பகுதி தேசிய மின் வழங்கலிலிருந்து துண்டிக்கப்பட்டது. வன்னியின் பெரும்பாலான ஊர்களுக்கு 2009 இல் போர் முடிந்த பின்னரே கம்பி வழியாக மின்சாரம் வந்தது. இடைப்பட்ட காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். மூத்த வயர்மன்மாரிடம் கையாளாக நின்று தொழில் பழகும் வழக்கமும் அத்தோடு அறுந்துபோயிற்று. பின்னர் வீட்டுத்திட்டங்கள் வந்தபோது பல இளைஞர் பல்ப் பூட்டியும் பிளக் போட்டும் தாமாகவே கற்றுக்கொண்டனர். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் வீடு வேறு, மில் வேறு.

மோட்டர் ஓடத் தொடங்கும் கணத்தில், ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்டை இழுக்கும். வீட்டு விளக்குக்குப் போட்ட வயரில் அதைக் கொழுவினால் வயர் சூடேறி உறை உருகும். மூன்று பேஸ் மோட்டருக்கு ஒரு பேஸ் வராமல் போனால், தகுந்த பாதுகாப்புள்ள ஸ்ராட்டர் இல்லாவிடில் மோட்டர் எரிந்துவிடும். கடன் எடுத்து வாங்கிய மோட்டர் எரிந்தாலும் தவணை நிற்காது.

இதைவிடப் பெரியது உயிர் விடயம். ஈரச் சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு நின்று மா அரைப்பவர் பெரும்பாலும் ஒரு தாய். மோட்டரின் உடலில் கரண்ட் கசிந்தால் அவரைக் காப்பாற்றுவது ஏர்த் கம்பியும் ட்ரிப் சுவிட்சும்தான். குடாநாட்டில் பல இடங்களில் சில அடி ஆழத்திலேயே சுண்ணாம்புக் கல் தட்டும். கம்பி இறங்க மறுத்ததும் மிச்சத்தை வெட்டி எறிந்துவிட்டு மண்ணால் மூடிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மேலே பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். மாரியில் ஈரமாயிருக்கும் நிலம் ஆடி, ஆவணியில் காய்ந்து கிடக்கையில் அந்தக் கட்டைக் கம்பி எதற்கும் உதவாது. எனவே ஏர்த்தை மீற்றர் வைத்து அளந்து, கணக்கை எழுதிக் கையொப்பமிட்டுத் தருவாரா என்று முதலிலேயே கேளுங்கள். "அதெல்லாம் தேவையில்லை அம்மா" என்பவருக்கு ஒரு தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடலாம்.

ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்று சொன்னால், பிழை எங்கே என்று தேடுபவரே தொழில் தெரிந்தவர். அதைக் கழற்றிவிட்டு நேரே கொழுவித் தருபவரை இரண்டாம் முறை வளவுக்குள் விடாதீர்கள். பன்றிக்கு வேலியில் கரண்ட் விடக் கேட்டால் மறுப்பவரையும் நம்பலாம். அந்தக் கம்பியில் மாட்டி இறந்தவர்களில் காலையில் வயலுக்குப் போன மனிதரும் உண்டு.

மின்னியலாளருக்கான என்.வி.கியூ. 3 ஆம் மட்டச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். வகுப்புக்குப் போகாமலே தொழில் பழகியவர்களும் தம் அனுபவத்தை மதிப்பிடச் செய்து அதைப் பெறலாம். ஆகவே ஊர்ப் பெடியனை ஒதுக்க வேண்டியதில்லை. அதை எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். சான்றிதழ் மட்டும் போதும் என்றும் நான் சொல்லமாட்டேன். அவர் முன்பு வயரிங் செய்த மில் ஒன்றுக்குப் போய், மோட்டர் எத்தனை தரம் எரிந்தது என்று சொந்தக்காரரிடம் விசாரியுங்கள். வேலைக்கு அவரே வருவாரா, கையாளை அனுப்புவாரா என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். கூலியில் ஒரு பகுதியைச் சோதனை அறிக்கை கைக்கு வரும்வரை வைத்திருங்கள். கணவனை இழந்து தனியே தொழில் நடத்தும் சகோதரிகளிடம் முழுப்பணத்தையும் முன்கூட்டியே வாங்கிவிட்டு மறைந்தவர்கள் இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

கடன் கொடுக்கும் எங்களிடமும் தவறு இருக்கிறது. மெசினுக்குக் கணக்குப் போட்டுப் பணம் தருகிறோம். வயரிங் செலவைக் கேட்பதே இல்லை. மெசின் வந்திறங்கிய பின் கையில் மிஞ்சுவது சில ஆயிரம் ரூபாய்தான். அந்த நிலையில் யாரும் மலிவானவரைத்தான் தேடுவார்கள். அடுத்த முறை கடன் விண்ணப்பம் நிரப்பும்போது மோட்டரின் விலைக்குக் கீழே வயரிங், ஏர்த், சோதனைச் செலவு என்று தனி வரி எழுதுங்கள். குழுவில் யாராவது அதை வெட்டினால், ஏன் வெட்டுகிறீர்கள் என்று எழுந்து கேளுங்கள்.